ஒரு பாயிண்ட் என்றால் என்ன? பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றிய கணக்கு

வேலை முடிந்த அன்று சாயங்காலம் நானும் எலக்ட்ரீஷியனும் ஆளுக்கொரு சாக்பீஸோடு வீடு முழுக்க நடந்து பாயிண்ட் எண்ணினோம். விளக்கு, ஃபேன், ப்ளக் என்று வயர் போய்ச் சேரும் இடத்தைத்தான் பாயிண்ட் என்பார்கள்; கூலி அந்த எண்ணிக்கைக்கு. என் கணக்கில் 58 வந்தது. அவர் கணக்கில் 81. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

படுக்கையறை விளக்கை வாசலில் போட்டுக் கட்டிலில் இருந்தபடி அணைக்கிற மாதிரி நான்கு இடங்களில் டூ வே சுவிட்ச் கேட்டிருந்தேன். எனக்கு அது ஒரு விளக்கு, ஒரு பாயிண்ட். அவருக்கு அது இரண்டு சுவிட்ச், இரண்டு பெட்டி, நடுவே கூடுதலாக ஓடும் வயர். ஆகவே இரண்டு பாயிண்ட். அதில் 4 ஏறியது. விளக்கு சுவிட்ச் இருக்கிற போர்டிலேயே பக்கத்தில் உட்காரும் சின்ன ப்ளக்கை நான் எண்ணவே இல்லை. அவர் முழு பாயிண்டாக எண்ணினார். அதில் 11. ஹீட்டருக்கும் ஏசிக்கும் போடும் 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் ஒவ்வொன்றும் அவர் நோட்டில் இரண்டு. அதில் 6. காலிங் பெல், டிவி கேபிள் என்று இன்னும் 2. ஆக மொத்தம் 23 பாயிண்ட், கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க கேட்கலையே சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாயிண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி, கை குலுக்கி, அட்வான்ஸும் கொடுத்தவன் நான். பாயிண்ட் என்றால் எது என்று மட்டும் பேசவில்லை. துணி எடுக்கப் போய் மீட்டர் விலையை அடித்துப் பேசிவிட்டு, மீட்டர் கோலைப் பார்க்காமல் வந்த கதை. கடைசியில் போர்டு ப்ளக்குகளை அரை அரை பாயிண்டாக வைத்து 75½-க்கு வந்து நின்றோம்.

வயரிங் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று அதன் பிறகு என்னிடம் கேட்டவர்கள் எல்லோருக்கும் நான் எதிர்க்கேள்வி கேட்டுத்தான் பதில் சொல்கிறேன். எவ்வளவு என்கிற எண்ணை வைத்து மட்டும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அந்த எண்ணுக்குள் என்னென்ன அடக்கம், எது வெளியே நிற்கிறது என்பதில்தான் பில் ஏறுவதும் இறங்குவதும்.

இந்த வேலைக்குள் நான் இறங்கியதே ஒரு வாசனையால்தான். வாட்டர் ஹீட்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் போனால் மீன் கருகுகிற மாதிரி ஒரு வாடை. வந்து பார்த்தவர் பத்து நிமிடத்தில் போர்டைக் கழற்றி, கருகிய முனையை வெட்டி, புது சுவிட்ச் போட்டுவிட்டார். அவர் கேட்ட கூலி அந்தச் சுவிட்சின் விலையைப் போலப் பல மடங்கு. பத்து நிமிட வேலைக்கு இவ்வளவா என்று மனசுக்குள் முணுமுணுத்தேன். ஆனால் அவர் கழற்றிய துண்டைக் கையில் வைத்துக் காட்டினார்: திருகு தளர்ந்த இடத்தில் செம்பு கறுத்து, மேலே இருந்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2000 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த திருகில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், அந்தக் கடுகளவு இடத்தில் 7.6 வாட்ஸ் வெப்பம் உட்கார்ந்துவிடும். இன்று ஒரு அறைக்கு வெளிச்சம் தர எல்ஈடி பல்புக்கு ஆகிற மின்சாரம் அது. சுவருக்குள், மூடிய பெட்டியில், தினமும் அரை மணி நேரம். அந்தக் கூலி எனக்கு அதிகமாகத் தெரியவில்லை அதற்கப்புறம்.

மெயின் போர்டையும் திறந்து காட்டச் சொன்னேன். ஹீட்டர் லைனில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்குக் காவலாக 32 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே விழுந்து லைனை அணைக்கிற சுவிட்ச். முன்பு யாரோ, எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று பெரியதாக மாற்றிவிட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே மலிவான ரிப்பேர் இதுதான், மிக ஆபத்தானதும் இதுதான். எம்சிபி காப்பாற்றுவது வயரை. வயர் தாங்குவதைவிட எம்சிபி பெரியதாக இருந்தால், முதலில் சூடேறி உருகுவது வயர்தான். எம்சிபி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது "பெருசா ஒண்ணு போட்டுடலாம், விழாது" என்று சொன்னால் கதவைக் காட்டி அனுப்பிவிடலாம். அன்றைக்குத்தான் முழு வீட்டையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கினேன். முதல் ஆள் பாயிண்ட் கணக்கு. இரண்டாவது ஆள் ஒரே வரியில் மொத்தத் தொகை. மூன்றாவது ஆள் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தார்: எந்த அறைக்கு எந்த அளவு வயர், எத்தனை சர்க்யூட், சுவர் வெட்டுவது யார், பூசுவது யார், எர்த் புதிதா பழையதா, கடைசியில் என்னென்ன சோதனை. அவர் தொகைதான் மூன்றிலும் அதிகம். இவ்வளவு எழுதுகிறாரே, காகிதத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார் போல என்று வீட்டில் கிண்டல் செய்தோம். முதல் ஆளுக்கு வேலையைக் கொடுத்தேன்.

முடிவில் முதல் ஆளுக்குப் போனது மூன்றாவது ஆளின் தொகையைத் தொட்டுவிட்டது. பாயிண்ட் எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். மீட்டரில் இருந்து மெயின் போர்டுக்கு வரும் லைன் பாயிண்டில் சேராது. அதற்கு எத்தனை மீட்டர் நீளமோ அந்தக் கணக்கில் தனி. எர்த் குழி தனி. மெயின் போர்டு பொருத்துவது தனி. ஃபேன் மாட்டுவதும் விளக்கு மாட்டுவதும்கூடத் தனி; பாயிண்ட் என்பது வயர் வந்து தொங்கும் வரைக்கும்தானாம். வெட்டிய சுவரைப் பூசக் கொத்தனார், அதற்குமேல் பெயிண்டர், இடிந்ததை அள்ளிப்போட ஆள். இதில் எதுவும் ஏமாற்று இல்லை. எல்லாமே செய்துதான் ஆகவேண்டிய வேலை. மூன்றாவது ஆளின் இரண்டு பக்கத்தில் இவை எல்லாம் இருந்தன, நான்தான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன்.

இவற்றையெல்லாம்விடப் பணத்தை உறிஞ்சியது பைப். பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றப் போகிறவர்கள் இதை மட்டுமாவது கவனித்துப் படியுங்கள்.

சுவருக்குள் பைப் போட்டு அதில் வயர் ஓட்டியிருந்தால், பைப் நன்றாக இருக்கிற வரை வேலை சுலபம். பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க, இந்தப் பக்கம் ஒருவர் பவுடர் தடவித் தடவி உள்ளே விடுவார். மாடி முன்னறையில் அப்படித்தான் நடந்தது. காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் அறை முடிந்தது, சுவரில் ஒரு கீறல் இல்லை. அதே ஆட்கள் அடுத்த நாள் சமையலறைக்கு வந்தார்கள். வயர் இரண்டடி வந்தது, நின்றது. இழுத்தார்கள், அறுந்தது. ஸ்பிரிங் விட்டுப் பார்த்தார்கள், ஒரு இடத்தில் போய் முட்டியது. வீடு கட்டும்போதே பைப்புக்குள் சிமெண்ட் பால் இறங்கிக் கல்லாகியிருக்கிறது. பிறகு கட்டர் மெஷின் வந்தது. வெண்புழுதியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. கூரையில் இருந்து மேடை வரை சுவரில் காடி வெட்டி, புது பைப் பதித்து, பூசி, காயவிட்டு, பட்டி பார்த்து, வண்ணம் அடித்து முடிக்க ஒன்பது நாள். ஒரே அளவு அறை, ஒரே எண்ணிக்கை பாயிண்ட், செலவு இரண்டு மடங்குக்கு மேல்.

இதை முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எஸ்டிமேட் போட வருகிறவரிடம் மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு போர்டைத் திறந்து வயர் அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் தனியாகக் கூலி கேட்டாலும் கொடுங்கள். வாசலில் நின்றபடியே தொகை சொல்கிறவர், பைப் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொல்கிறார். அது பொய்த்தால் பணம் உங்களுடையது. எஸ்டிமேட்டில் "பைப் அடைத்திருந்தால் ஒரு மீட்டர் காடி வெட்டிப் பூச இவ்வளவு" என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி இல்லாததால் சமையலறைச் சுவரைப் பாதி வெட்டிய நிலையில், புழுதிக்கு நடுவே நின்று விலை பேசினேன். அந்த நேரத்தில் எந்த வீட்டுக்காரனுக்கும் பேரம் பேசும் தெம்பு இருக்காது.

பொருள் விஷயத்தில் என் புத்திசாலித்தனம் இன்னொரு தனிக் கதை. எலக்ட்ரீஷியன் வாங்கினால் கமிஷன் வைப்பார் என்று நானே வாங்கக் கிளம்பினேன். கடையில் கண்ணைப் பறித்தது சுவிட்ச் தட்டுகள்தான். மேட் கறுப்பு, தொட்டால் பட்டுப்போல இருந்தது. அதில் கையைத் தாராளமாக விட்டுவிட்டு, வயரில் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். விளக்குக்கு 1.5, ப்ளக்குகளுக்கு 2.5, ஹீட்டருக்கும் ஏசிக்கும் 4 சதுர மில்லிமீட்டர் என்று சீட்டு இருந்தது. 2.5 வயரில் 1.5-ல் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் செம்பு இருக்கிறது, 4-ல் இரண்டரை மடங்குக்கும் மேல். விலையும் ஏறக்குறைய அப்படியே ஏறும். "ப்ளக்குக்கும் 1.5 போதாதா?" என்று கடையில் நின்று எலக்ட்ரீஷியனிடம் போனில் கேட்டேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. "சார், அயர்ன் பாக்ஸ் நீங்க தேய்க்கப் போறீங்களா, நான் தேய்க்கப் போறேனா?" என்றார். 2.5 வாங்கினேன்.

சுவிட்ச் தட்டு பிடிக்கவில்லை என்றால் பத்து வருஷம் கழித்தும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் போன வயரை அப்படி மாற்ற முடியாது. பட்ஜெட் இறுகும்போது எதில் வெட்டலாம் என்று கேட்டால் என் வரிசை இதுதான்: முதலில் தட்டு, அடுத்து அலங்கார விளக்கு, அதற்கப்புறம் பாயிண்ட் எண்ணிக்கை. வயர், மெயின் போர்டு, எர்த் மூன்றிலும் கை வைக்காதீர்கள். மெயின் போர்டில் நாலைந்து இடம் காலியாகவும் விட்டு வையுங்கள். நாளைக்கு ஒரு ஏசி வந்தால் போர்டையே மாற்றுகிற செலவு அதனால் மிச்சமாகும்.

நானே வாங்கியதில் மிச்சம் ஏதாவது ஆனதா? கணக்குப் பார்த்தால் இல்லை. பச்சை எர்த் வயர் ஒரு காயில் (சுருள்) குறைவாக வாங்கிவிட்டேன். அது வந்து சேரும் வரை இரண்டு ஆட்கள் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், கூலி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சுவிட்ச் பழுதானபோது "பொருள் உங்களுது சார்" என்று எலக்ட்ரீஷியன் கைவிரித்தார். பிராண்டும் அளவும் எழுதி வாங்கிக்கொண்டு, பொருளை அவரையே வாங்கச் சொல்லி, பில்லையும் மிச்சக் காயிலையும் கேட்டு வாங்குவதுதான் நிம்மதி என்று இப்போது நினைக்கிறேன். செம்பு விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குகிற பொருள். பழைய எஸ்டிமேட்டை ஆறு மாசம் கழித்து நீட்டினால் அந்தத் தொகைக்கு யாரும் செய்ய மாட்டார்கள்.

என் வீட்டு மொத்தச் செலவை நூறு பங்காக வைத்தால், பொருளுக்கு 44, எலக்ட்ரீஷியன் கூலிக்கு 35, கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் 16, மற்ற சில்லறைக்கு 5. நான் மனசில் வைத்திருந்த கணக்கில் கொத்தனாரும் பெயிண்டரும் இல்லவே இல்லை. அதாவது ஆறில் ஒரு பங்கு வானத்தில் இருந்து குதித்தது. பைப் எப்படி இருக்கிறது என்று தெரியாத பழைய வீட்டுக்கு, எஸ்டிமேட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. பணம் கொடுக்கும்போது பைப் முடிந்ததும் ஒரு பகுதி, வயர் ஓட்டியதும் ஒரு பகுதி என்று கொடுத்து, கடைசிப் பத்தில் ஒரு பங்கைச் சோதனை முடியும் வரை நிறுத்திவையுங்கள். நான் அதையும் செய்யவில்லை. செய்யாததன் பலன் மூன்றாவது வாரம் வந்தது.

மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்சிசிபி போட்டிருந்தோம். ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற கருவி அது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். யாருக்காவது ஷாக் அடித்தால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். எங்கள் வீட்டில் அது இரவு நேரங்களில் விழ ஆரம்பித்தது. சில நாள் மாடி இருட்டாகும், சில நாள் கீழே. சில நாள் ஒன்றுமே ஆகாது. வேலை செய்தவரைக் கூப்பிட்டால் இன்றைக்கு நாளைக்கு என்றார். முழுப் பணமும் வாங்கியவருக்கு என்ன அவசரம்.

வேறு ஒருவர் வந்தார், வயதானவர். மணிக்கு இவ்வளவு என்று கூலி. "கோளாறு தேடுறதுக்கு மொத்தமா விலை சொல்ல முடியாது தம்பி, எங்க இருக்குன்னு தெரிஞ்சா நான் எதுக்கு?" என்றார். நியாயம்தான். "ரெண்டு மணி நேரம் தாண்டினா சொல்லிட்டுத் தொடருங்கண்ணே" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இந்த ஒரு விஷயத்தில் புத்தி வந்திருந்தது.

ஃபிரிட்ஜைக் கழற்றினார், வாஷிங் மெஷினைக் கழற்றினார், வயரின் உறை எங்காவது மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று சோதிக்கும் மெக்கர் மீட்டரை ஒவ்வொரு சர்க்யூட்டாக வைத்துப் பார்த்தார். 500 வோல்ட்டில் குறைந்தது ஒரு மெகா ஓமாவது காட்டவேண்டிய இடத்தில் எல்லாமே பல மடங்கு காட்டியது. வயரிங் சுத்தம். இரண்டு மணி நேரம் தாண்டியது, சொன்னார், தொடர்ந்தார். அப்போது என் மகள் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி, "படிக்கட்டு லைட் போட்டாத்தான்பா போகும், ஆனா எப்பவும் போகாது" என்றாள். பெரியவர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

படிக்கட்டுச் சுவர் முழுக்கக் கல் பதித்தது. வெட்டினால் செலவு என்று அந்த ஒரு விளக்கை மட்டும் பழைய வயரிங்கிலேயே விடச் சொன்னவன் நான்தான். அந்த விளக்கு ஃபேஸைக் கீழ்த்தளத்தில் இருந்தும் நியூட்ரலை மாடியில் இருந்தும் எடுத்துக்கொண்டிருந்தது. கீழே போனது திரும்பி வரவில்லை என்று கீழ் ஆர்சிசிபிக்குப் பயம், போகாதது திரும்பி வருகிறதே என்று மேல் ஆர்சிசிபிக்குப் பயம். பெரியவர் கிளாம்ப் மீட்டரை மாட்டிக் காட்டினார்: 21 மில்லி ஆம்பியர். சின்ன எல்ஈடி பல்பு என்பதால் 30-ஐத் தொடவில்லை. ஆனால் 30 என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எந்த இடத்திலும் அது விழலாம். வாஷிங் மெஷினும் கம்ப்யூட்டரும் இயல்பாகவே எர்த்துக்குச் சிறிது கசியவிடும். எந்தத் தளத்தில் அந்தக் கசிவும் கூடிக்கொள்கிறதோ அந்தத் தளம் முந்திக்கொண்டு அணையும். ஒன்று அணைந்ததும் விளக்குக்கு வரும் பாதை அறுந்துவிடுவதால் மற்றது தப்பிக்கும். மாடி ஒரு நாள், கீழே ஒரு நாள் என்று ஆட்டம் காட்டியதன் ரகசியம் இதுதான்.

சரிசெய்ய ஐந்து நிமிடம். கீழ்த்தள நியூட்ரலுக்கு ஒரு வயரை மாற்றினார். கூலி மூன்று மணி நேரத்துக்கு. இரவில் விழுந்தபோதெல்லாம் எந்த விளக்கு எரிந்தது, எந்த மெஷின் ஓடியது, எந்தத் தளம் அணைந்தது என்று ஒரு காகிதத்தில் நான்கு நாள் எழுதி வைத்திருந்தால் அரை மணி நேரக் கூலியோடு போயிருக்கும். மகளைக் கேட்டிருந்தாலும் போயிருக்கும். மூன்றாவது ஆளின் எஸ்டிமேட்டில் கடைசி வரியாக இருந்த சோதனையை, ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிற அந்தச் சோதனையைச் செய்திருந்தால் இது வேலை முடிந்த அன்றே தெரிந்திருக்கும்.

சில்லறை வேலைகளைப் பற்றியும் ஒன்று. அதே மாதத்தில் ஒரு ஃபேன் ரெகுலேட்டருக்கும் ஒரு வெளி விளக்குக்கும் தனித்தனியாக ஆள் கூப்பிட்டேன். வந்து நிற்பதற்கே ஒரு குறைந்தபட்சக் கூலி உண்டு. அதை இரண்டு தடவை கட்டினேன். இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அவசரமில்லாதது எல்லாம் அதில் ஏறும், நாலைந்து சேர்ந்ததும் ஒரே நாளில் முடித்துவிடுவோம். கருகல் வாடை, சுவிட்ச் சூடாவது, தொட்டால் சுருக்கென்று பிடிப்பது, இவை மட்டும் அந்தச் சீட்டில் ஏறக்கூடாது. அன்றைக்கே ஆள் வரவேண்டும்.

படிக்கட்டில் எர்த் வயர் இல்லை என்பதால் அதையும் மாற்றிவிடச் சொல்லிப் பெரியவரிடமே எஸ்டிமேட் கேட்டிருந்தேன். நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். கல்லைத் தொடாமல் ஓரமாகப் பட்டை பைப்பில் வயர், எத்தனை மீட்டர், சோதனை, எல்லாம் தனித்தனி வரி. பாயிண்ட் எண்ணிக்கைக்கு நேராக, நான் கேட்காமலேயே, அடைப்புக்குள் எழுதியிருந்தார்: டூ வே ஒன்று, இரண்டு பாயிண்டாக.